ஞாயிற்றுக்கிழமை மாலை லுவார் ஆற்றங்கரைக்குப் போகிறவர்களுக்கு

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் ஆம்புவாஸ் என்ற சின்ன ஊருக்குள் நான் கால் வைத்தபோது இரவு 9 மணி தாண்டிவிட்டது. போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் மாலை 4:30. இடைப்பட்ட அந்த நாலரை மணி நேரத்திலும், அதற்குப் பிறகு மழையில் ஒரு கதவுக்கு வெளியே நின்ற நேரத்திலும் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இதையெல்லாம் முன்னாலேயே யாராவது ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஊர்க் கோட்டையைப் பற்றியும், கடைசிக் காலத்தில் அங்கே வாழ்ந்த லியோனார்டோ டா வின்சியைப் பற்றியும் ஒரு வாரமாகப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் ரயில் நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஞாயிறு மாலை ஊரே அடங்கிவிடும், விடுதியில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் நான் படித்த எதிலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலகப் பயிற்சிக்காக மூன்று வாரம் பாரிஸில் இருந்தேன். அக்டோபர் கடைசி. திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. எனக்குச் சொந்த ஊர் திருச்சி. ஆறு, நடுவில் தீவு, கரையில் உயரமான பாறை, அதன் மேல் கோட்டை என்று படத்தில் பார்த்ததுமே ஆம்புவாஸ் மேல் ஆசை வந்துவிட்டது. தனியாக வெளிநாட்டில் ஊர் சுற்றுவது எனக்கு அதுதான் முதல் முறை. வயது 43. வீட்டில் பயந்தார்கள், நான் பயப்படவில்லை. சனிக்கிழமை துணி துவைத்து, ஓய்வெடுத்து, ஞாயிறு மதியம் கிளம்பி, திங்கள் முழுக்கப் பார்த்துவிட்டு இரவு திரும்புவது என்பது திட்டம். இந்தத் திட்டமே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாரிஸிலிருந்து ஆம்புவாஸுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மொன்பர்நாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சான்-பியேர்-தே-கோர் வரை போய், அங்கே சின்ன வட்டார ரயிலுக்கு மாறுவது. இன்னொன்று, ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து மாறாமல் நேராகப் போகும் சாதாரண ரயில். அதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். இணையத்தில் தேடியபோது அதிவேக ரயில்தான் முதலில் வந்தது, நானும் அதையே எடுத்தேன், 41 யூரோ. வேகமான ரயிலில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மொழி தெரியாமல் தனியாகப் போகிறவர்கள் மாறாமல் போகும் ரயிலையே தேடிப் பிடியுங்கள். அது மணிக்கொரு தரம் கிடையாது. அதனால் அதன் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, மற்ற திட்டங்களை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மொன்பர்நாஸுக்கு நான் தாமதமாகப் போகவில்லை. ரயில் கிளம்ப 25 நிமிடம் இருக்கும்போதே உள்ளே நின்றேன். எந்த நடைமேடை என்பதைக் கடைசி இருபது நிமிடத்தில்தான் பலகையில் போடுகிறார்கள். எண் வந்தது, கூடவே ஒரு கூடத்தின் எண்ணும் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. அந்த நிலையம் மிகப் பெரியது. வோழிரார் என்ற பக்கத்திலிருந்து கிளம்பும் ரயில்களுக்கு முன்கூடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். நான் எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் போய்விட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ரயில் என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது, கதவுகள் மூடியிருந்தன. கிளம்பும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள். நம் ஊரில் நகரும் ரயிலில்கூட ஏறிப் பழகிய எனக்கு, நிற்கும் ரயிலில் ஏற முடியாது என்பது புத்தியில் ஏறவே சில நொடி ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

என் டிக்கெட் மாற்ற முடியாத வகை. அந்தப் பணம் போனது போனதுதான். புது டிக்கெட் எடுக்க இயந்திரத்துக்குப் போனால் என் கார்டை ஏற்கவில்லை. வெளிநாட்டில் கார்டைத் தேய்க்க வங்கிச் செயலியில் அனுமதி கொடுத்திருந்தேன், ஆனால் ஒரு நாளைக்கான வரம்பு மிகக் குறைவாக இருந்தது. அன்று காலையே கடையில் கொஞ்சம் செலவழித்திருந்தேன். வரம்பைக் கூட்ட வேண்டுமென்றால் இந்திய எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த சிம்மை நான் வெளியே கழற்றி வைத்துவிட்டு பிரெஞ்சு சிம்மைப் போட்டிருந்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்னால் இரண்டு காரியத்தைச் செய்துவிடுங்கள்: இந்திய எண்ணுக்கு ரோமிங்கைப் போட்டு இரண்டாவது சிம்மாக போனுக்குள்ளேயே வைத்திருங்கள், கார்டு வரம்பை வீட்டிலிருந்தே கூட்டிவிடுங்கள். கடைசியில் கவுன்ட்டர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, கையிலிருந்த ரொக்கத்தில் 59 யூரோவுக்கு டிக்கெட் வாங்கினேன். ஞாயிறு மாலை எல்லோரும் ஊர் திரும்பும் நேரம் என்பதால் அடுத்த ரயில்கள் நிரம்பியிருந்தன. மாலை 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பும் ரயிலில்தான் இடம் கிடைத்தது. அதுவும் சான்-பியேர்-தே-கோர் வரைக்கும்தான். மீதி தூரத்துக்கு அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது அடுத்த தப்பு.

ரயில் பாரிஸை விட்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. எனக்குப் புரியவில்லை. முந்தின நாள் அதே நேரத்தில் நல்ல வெளிச்சம் இருந்ததே? ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். போன் தானாகவே மாறிவிட்டதால் நான் கவனிக்கவே இல்லை. சனிக்கிழமை 6:40-க்கு மறைந்த சூரியன் ஞாயிறன்று 5:40-க்கு மறைந்துவிட்டது. ஆற்றுப் பாலத்தில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அது போனது மட்டும் இல்லை. இந்தியாவோடு இருக்கும் நேர வித்தியாசமும் அன்றைக்கு மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகிவிட்டது. அது ஏன் முக்கியம் என்று இரவில் புரிந்தது.

சான்-பியேர்-தே-கோர் என்பது தூர் நகரத்தை ஒட்டிய நிலையம். அதிவேக ரயில்கள் பல தூருக்குள் போகாமல் இங்கே நின்றுவிட்டு அப்படியே தெற்கே போய்விடும். இங்கிருந்து தூருக்கு ஐந்து நிமிடத்தில் போகும் இணைப்பு ரயில் ஒன்று, அதிவேக ரயில் வரும் நேரத்துக்குத் தோதாக நிற்கும். இறங்கியவர்கள் எல்லோரும் எதிர் நடைமேடையில் நின்ற ரயிலை நோக்கி நடந்தார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே போய் ஏறிவிட்டேன். ஆம்புவாஸ் எதிர்த்திசையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தூர் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். பலகையில் ஆம்புவாஸ் என்ற பெயரைத் தேடுகிறேன், எங்கேயும் இல்லை. வழியில் உள்ள சின்ன ஊர் பெரிய எழுத்தில் வராது. ரயில் முடியும் ஊரின் பெயர்தான் வரும். தூர் பக்கத்திலிருந்து ஆம்புவாஸ் போக வேண்டுமென்றால் புளுவா அல்லது ஒர்லெயான் என்று போட்டிருக்கும் ரயிலைத் தேட வேண்டும். திரும்பி வரும்போது தூர் என்று தேட வேண்டும். போகும் ஊருக்கு அப்பால் என்ன ஊர் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கவுன்ட்டர் மூடிவிட்டது. நான் போய் நின்ற இயந்திரம் நாணயமும் கார்டும் மட்டும் வாங்கியது, நோட்டு வாங்கவில்லை. என்னிடம் இருந்ததோ நோட்டு. கடையும் இல்லை, சில்லறையும் கிடைக்கவில்லை. ரயிலுக்குள் பரிசோதகர் வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். அவர் வந்தார், நான் பணத்தை நீட்டினேன், அவர் 50 யூரோ அபராதம் எழுதினார். அவர் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: டிக்கெட் இல்லாமல் ஏற வேண்டி வந்தால் நீங்களாக என்னைத் தேடி வந்து முதலில் சொல்லியிருக்க வேண்டும், நான் உங்களிடம் வந்த பிறகு சொன்னால் அது டிக்கெட் இல்லாத பயணம். இந்த விஷயத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். ரயிலில் ஏறியதும் உட்காராதீர்கள். பரிசோதகர் எங்கே என்று தேடிப் போய்ச் சொல்லுங்கள். ஏறும் முன்னால் நடைமேடையில் நிற்கும்போதே அவரைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் 50 யூரோவை எண்ணிக் கொடுத்தபோது எதிரில் இருந்த இரண்டு மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திருடியவள் போல உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் ஒரு முறைகூட டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததில்லை நான். அழுகை தொண்டை வரைக்கும் வந்தது.

ஆம்புவாஸ் நிலையத்தில் இறங்கியபோது 8:45. என்னோடு இறங்கியவர்கள் நாலு பேர். மூன்று பேரை அழைத்துப் போக கார் வந்திருந்தது, நாலாவது ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டே நிமிடத்தில் நான் மட்டும் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. டாக்சி எதுவும் நிற்கவில்லை. சின்ன ஊரில் டாக்சி தெருவில் நிற்காது, முன்கூட்டியே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும்.

இங்கே ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆம்புவாஸில் ரயில் பாதை வடகரையில், கோட்டையும் பழைய ஊரும் தென்கரையில். நடுவில் தங்கத் தீவு என்று பெயர் கொண்ட ஒரு தீவு. அதனால் பாலம் இரண்டு துண்டாக இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர்போல வரும். பகலில், வெறுங்கையோடு, இருபது நிமிட நடை. இரவில், மழையில், சக்கரம் சிக்கிக்கொள்ளும் பெட்டியோடு எனக்கு அரை மணி நேரம் ஆனது. முதல் பாலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. கீழே ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. எதிரே பாறை மேல் கோட்டை விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாக நின்றது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. தனியாக நடக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் பின்னால் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் பயம்தான். உண்மையைச் சொன்னால், பாலத்தில் யாருமே இல்லை. ஆள் இல்லாததுதான் அவ்வளவு பயமாக இருந்தது.

விடுதி சிறியது, பத்துப் பன்னிரண்டு அறைதான் இருக்கும். கதவு பூட்டியிருந்தது. வரவேற்பறை மாலை 7 மணியோடு மூடிவிடும் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மணியை அடித்தேன். போன் செய்தேன், பிரெஞ்சில் பதிவு செய்த குரல் பேசியது. பேட்டரி 4 சதவீதம். இரண்டாவது முறை கூப்பிட்டபோது போன் அணைந்துவிட்டது. மணி 9:20. ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி 1:50. போன் இருந்தாலும் வீட்டில் யாரை எழுப்பி என்ன சொல்வது? எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு அவர்களால் என்ன செய்ய முடியும், விடிய விடிய உட்கார்ந்து பயப்படுவதைத் தவிர? அவசர உதவிக்கு 112 என்பது தெரியும். அடைத்த கதவுக்காக அதை அழைக்கலாமா என்றும் தெரியவில்லை. கதவுக்கு மேலிருந்த சின்னக் கூரைக்கு அடியில் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். குளிர் கணுக்காலிலிருந்து ஏறியது.

எதிரே ஒரு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது, தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் அன்று நான் செய்த பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் சின்ன ஊரில் யாரும் வர மாட்டார்கள். வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். எழுந்து, கோட்டைச் சுவருக்குக் கீழே உள்ள தெருக்களில் நடந்தேன். உணவகம் எல்லாம் இருட்டு. திரும்பிய மூன்றாவது தெருவில் ஒரு கபாப் கடை மட்டும் திறந்திருந்தது. பிரான்சில் எந்தச் சின்ன ஊரிலும் ஞாயிறு இரவு திறந்திருக்க வாய்ப்புள்ள கடை அதுதான் என்று பிறகு பலரும் சொன்னார்கள். கடைக்காரர் நாற்காலிகளைத் தூக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு பிரெஞ்சு வராது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. போனையும் சார்ஜரையும் காட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிச் செருகினார். ஒரு நாற்காலியை மறுபடி கீழே இறக்கிப் போட்டார்.

போன் உயிர் பெற்றதும் முன்பதிவுச் செயலிக்குள் விடுதியிலிருந்து ஒரு செய்தி இருந்தது. பிற்பகல் 3 மணிக்கே வந்திருக்கிறது, பிரெஞ்சில். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாசலுக்கு இடப்பக்கம், தபால் பெட்டிக்குக் கீழே சாவிப் பெட்டி இருக்கிறது, அதைத் திறக்க நாலு இலக்க எண் இது, உங்கள் அறை முதல் மாடியில். அவ்வளவுதான். சாவி என் முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் இருந்திருக்கிறது, நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நடுங்கியிருக்கிறேன். இதில் விடுதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் முன்பதிவு செய்யும்போது வரவேற்பறை எத்தனை மணி வரை என்று பாருங்கள். தாமதம் என்று தெரிந்த நிமிடமே, ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே, எழுதிக் கேளுங்கள். சாவி எண்ணைத் தாளில் எழுதிப் பர்சில் வையுங்கள். போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரு பவர் பேங்க் வாங்கியிருந்தால் அன்றைய இரவில் பாதி நடந்திருக்காது.

நான் அசைவம் சாப்பிட மாட்டேன் என்பதைச் சைகையில் சொன்னேன். ரொட்டிக்குள் தக்காளி, வெங்காயம், இலை, தயிர்ச் சாறு வைத்து, ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தார். மதியத்துக்குப் பிறகு நான் சாப்பிட்டது அதுதான். வறுவலுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். விடுதி வாசல் வரைக்கும் கூட வந்து, சாவிப் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் போனார். அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டபோது 10:20. பெட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை இருந்தது. அதில் இரண்டைத் தின்றுவிட்டு அழுதேன். பிறகு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஜன்னலைத் திறந்தால் வேறு ஊர். மழை நின்றிருந்தது. வெண்கல்லில் கட்டிய வீடுகள், மேலே கருஞ்சாம்பல் நிறப் பலகைக்கல் கூரை. அந்த வெண்கல்லை அந்தப் பகுதியிலேயே வெட்டி எடுக்கிறார்கள். மிருதுவான சுண்ணாம்புக்கல். கல் வெட்டிய குகைகளிலேயே சிலர் வீடு அமைத்துக்கொண்டிருக்கிறார்கள், கோட்டையிலிருந்து டா வின்சி தங்கியிருந்த க்ளோ லுசே வீட்டுக்குப் போகும் தெருவில் பாறைக்குள் கதவும் ஜன்னலும் வைத்த வீடுகளைப் பார்க்கலாம். அந்தத் தெருவிலேயே நான் ஒரு மணி நேரம் செலவழித்தேன்.

கோட்டையில் எனக்கு மனதில் நின்றது மூன்று. ஒன்று, எட்டாம் சார்ல்ஸ் மன்னன் 1470-இல் இங்கேயே பிறந்து, 1498-இல் இங்கேயே ஒரு தாழ்வான வாசலின் நிலைப்படியில் தலை மோதி இறந்துபோனது. வயது 27. இரண்டு, ஊரை நோக்கி நிற்கும் பெரிய கோபுரத்தின் உள்ளே படியே கிடையாது, குதிரையும் வண்டியும் ஏறிப் போக ஒரு சாய்தளம் சுற்றிச் சுற்றிப் போகிறது. மூன்றாவது, தோட்டத்தில் இருக்கும் இருபத்தைந்து நினைவுக் கற்கள். அல்ஜீரியாவில் பிரான்சை எதிர்த்துப் போரிட்ட அமீர் அப்துல் காதிரைக் குடும்பத்தோடும் ஆட்களோடும் 1848 முதல் 1852 வரை இந்தக் கோட்டையில்தான் சிறை வைத்திருந்தார்கள். அவரோடு வந்தவர்களில் இங்கேயே இறந்துபோனவர்களுக்கு வைத்த கற்கள் அவை. டா வின்சியைத் தேடி வருகிற கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, வெயில் தேசத்து மனிதர்கள் இந்தக் குளிரில் நாலு வருடம் இருந்திருக்கிறார்கள். ஒரு இரவு குளிரில் நின்றுவிட்டு வந்த எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை.

டா வின்சி 1516-இல், 64 வயதில், முதலாம் பிரான்சுவா மன்னன் அழைத்து இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இங்கே வந்தார். மோனா லிசாவையும் கூடவே கொண்டு வந்தார். அவர் தங்கிய வீடுதான் க்ளோ லுசே, கோட்டையிலிருந்து பத்து நிமிட நடை. அங்கேதான் 1519 மே 2 அன்று இறந்தார். கோட்டைக்குள் உள்ள சின்னத் தேவாலயத்தில் அவருடையவை என்று கருதப்படும் எலும்புகளை வைத்திருக்கிறார்கள். முதலில் புதைத்த தேவாலயம் இடிக்கப்பட்டுப் பல வருடம் கழித்துத் தோண்டி எடுத்தவை அவை. இரண்டு இடத்துக்கும் நுழைவுச்சீட்டு தனித்தனி. எனக்கு மொத்தம் 35 யூரோவை ஒட்டி ஆனது. ஒரு நாளில் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் க்ளோ லுசே தோட்டத்தில் அவருடைய வரைபடங்களை வைத்துச் செய்த பெரிய இயந்திர மாதிரிகள் இருக்கின்றன, தொட்டுச் சுற்றிப் பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதற்கே அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மறுபடி அடி. மதியம் 12-லிருந்து 2 வரைதான் சமையலறை. 2 மணிக்கு மேல் போனால் காபிதான். போதாததற்குத் திங்கட்கிழமை பல உணவகங்களுக்கு விடுமுறை. நான் 1:50-க்கு ஒரு கடையில் நுழைந்ததால் தப்பித்தேன். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்ட சாலட் கேட்டேன். வந்த தட்டில் இலைக்கு அடியில் பன்றி இறைச்சித் துண்டுகள். அங்கே சாலட் என்றால் சைவம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் துண்டுகளுக்கு லார்தோன் என்று பெயர். அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஆர்டர் செய்யும்போதே இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், லார்தோன் வேண்டாம் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, அங்கே கிடைக்கும் உண்மையான விருந்து. சாந்த்-மோர் என்று கேளுங்கள். நீள உருளையாக, நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகி, வெளியே சாம்பல் பூசி இருக்கும்.

விடுதி அம்மாவிடம் காலையில் பேசியபோதுதான் அந்த விஷயம் தெரிந்தது. ஞாயிறு காலையில் ஆற்றங்கரையில் பெரிய சந்தை கூடுமாம். பாலாடைக்கட்டி, பழம், ரொட்டி, காளான், ஒயின் என்று சுற்றுவட்டாரமே வந்து இறங்கும், மதியத்தோடு கலைந்துவிடும். நான் சனிக்கிழமை வந்திருந்தால், எனக்கு நரகமாக இருந்த அதே ஞாயிறுதான் அந்த ஊரின் மிக நல்ல நாளாக இருந்திருக்கும். பாரிஸுக்குத் திரும்பிய பிறகு தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் வழக்கமாகக் காய்கறி வாங்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். “ஞாயிறு பின்னேரம் சின்ன ஊருக்கு வெளிக்கிடக் கூடாது தங்கச்சி, ஒரு கடையும் திறந்திராது. முதலே என்னட்டக் கேட்டிருக்கலாமே” என்றார். வாரத்துக்கு இரண்டு முறை அவர் கடைக்குப் போனவள், கிளம்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அங்கே பல வருடம் வாழ்ந்த நம் ஆட்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் எங்கே போகிறீர்கள், எந்தக் கிழமை போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது டிக்கெட் 59, அபராதம் 50, மொத்தம் 109 யூரோ தண்டம். அன்றைய மதிப்பில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். விடுதிக்குக் கொடுத்த ஒரு இரவு வாடகையைவிட அது அதிகம். அதோடு ஒரு மாலை முழுக்கப் போனது.

திரும்பும்போது நேர் ரயிலிலேயே டிக்கெட் எடுத்தேன், விடுதி அம்மா இணையத்தில் எடுத்துக் கொடுக்க, நான் ரொக்கமாகக் கொடுத்தேன். போகும்போது முதலில் வாங்கியதைவிட விலை குறைவு. ரயில் மாலை 6-க்கு மேல்தான். நான் கபாப் கடைக்குப் போய் நன்றி சொல்லலாம் என்று போனேன், அன்று விடுமுறை, பூட்டியிருந்தது. மீதி இருந்த எள்ளுருண்டைகளை ஒரு தாளில் பொட்டலமாகக் கட்டி விடுதி அம்மாவிடம் கொடுத்து, அந்தக் கடைக்காரரிடம் சேர்க்கச் சொன்னேன். அவருக்கு அது யார் என்று உடனே புரிந்துவிட்டது, சின்ன ஊர்.

4:30-க்கே பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டேன். நதியில் தண்ணீர் குறைவு. நடுநடுவே மணல் திட்டுகள், அதில் கொக்குகள், கரையில் கட்டியிருந்த தட்டையான மரப்படகுகள். மணல் திட்டைப் பார்த்ததும் இறங்கி நடக்கத் தோன்றும், வேண்டாம். அந்த மணல் உள்ளே வாங்கும், நீரோட்டமும் இழுக்கும், அதனால் குளிக்கக்கூட விடுவதில்லை. தீவு முனையிலிருந்து பார்த்தால் கோட்டை, பாறை, அடியில் ஊர், எல்லாம் ஆற்றில் தலைகீழாகத் தெரிந்தது. 5:35 இருக்கும், சூரியன் மேற்கே தூர் பக்கம் ஆற்றுக்குள்ளேயே இறங்கியது. வெண்கல் கோட்டை கொஞ்ச நேரம் ரோஜா நிறத்துக்கு மாறியது. முந்தின இரவு இதே இடத்தில்தான் பெட்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது. வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் எழுந்து, இரண்டாவது பாலத்தைக் கடந்து, நிலையத்துக்கு நடந்தேன். பலகையில் பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் என்று போட்டிருந்தது.